ஆர்புவா ஒயின்: பீப்பாயை நிரப்பினார்களா, விட்டுவிட்டார்களா?

லியோனில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வார இறுதியில் கிழக்கு பிரான்சின் ஜூரா மலைப்பக்கம் ஆர்புவா ஊருக்குப் போயிருக்கிறார். அங்கிருக்கும் கூட்டுறவு ஒயின் ஆலையில் நாலு பாட்டில் வாங்கி வந்திருக்கிறார்: சிவப்பில் ஒரு ப்ளூசார், வெள்ளையில் ஒரு ஷார்டனே, ஒரு சவன்யான், அப்புறம் குட்டையாக, தோள் அகன்ற ஒரு வான் ஜோன். கடைசிப் பாட்டிலைத் திறந்ததும் வறுத்த வெந்தய வாசனை குப்பென்று அடித்ததாம். கெட்டுப்போய்விட்டதா, மற்ற மூன்றும் எப்படி இருக்கும், எதோடு எதைச் சாப்பிடுவது என்பதுதான் கேள்வி.

முதல் வேலை, அந்தப் பாட்டிலைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். அது கெடவில்லை. அப்படித்தான் இருக்கும்.

நானும் இதே இடத்தில் சறுக்கியவன்தான். பிரான்சுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு வான் ஜோன் வாங்கி, வெள்ளை ஒயின்தானே என்று ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் திறந்தால் வினிகருக்கும் பழைய அலமாரிக்கும் நடுவில் ஒரு வாசனை. ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை. தக்கையை முகர்ந்து பார்த்தார், இரண்டு கிளாஸில் விரல் உயரத்துக்கு ஊற்றினார், கல்லாவுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் நிறச் சீஸ் ஒரு துண்டு வெட்டினார். "முதலில் இதை மெல்லுங்கள், விழுங்குவதற்கு முன்னால் அதைக் குடியுங்கள்." குடித்தேன். ரசீதைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டேன்.

ஜூரா ஒயினைப் புரிந்துகொள்ள அஞ்சு திராட்சை, ஆறேழு லேபிள் பெயர் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வெள்ளை ஒயினைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்விதான்: பீப்பாயை நிரப்பினார்களா, விட்டுவிட்டார்களா?

மரப்பீப்பாயில் ஒயினை வைத்தால் மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மேலே காலி இடம் விழும், அங்கே காற்று தங்கும், ஒயின் கெடும். அதனால் உலகம் முழுக்க ஒயின் செய்பவர்கள் குறையக் குறைய ஊற்றி வாய்வரை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். அப்படி நிரப்பி வளர்த்ததை பிரெஞ்சில் 'உயே' என்பார்கள். ஜூராக்காரர்கள் சில பீப்பாய்களை வேண்டுமென்றே நிரப்பாமல் விடுகிறார்கள். அப்படி விட்ட ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் தானாக ஒரு மெல்லிய ஏடு கட்டுகிறது. ஆறிய பாலில் படியும் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாம்பல் கலந்த வெள்ளை நிறம், அங்கங்கே சுருக்கம் விழுந்திருக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வுவால்', அதாவது திரை. காற்றுக்கும் ஒயினுக்கும் நடுவில் அந்த ஏடு காவல் நிற்கிறது. ஆக்ஸிஜனைத் தான் எடுத்துக்கொள்கிறது, ஆல்கஹாலையும் கொஞ்சம் தின்கிறது, பதிலுக்கு அசிட்டால்டிஹைடு என்ற பொருளை உண்டாக்குகிறது. வால்நட், பழுத்த ஆப்பிள் வாசனையெல்லாம் அந்த வழியில் வருவது.

வான் ஜோன் என்றால் 'மஞ்சள் ஒயின்'. சவன்யான் திராட்சையில் மட்டும்தான் செய்ய வேண்டும். அறுவடையான வருஷத்துக்குப் பின் ஆறாவது வருஷம் டிசம்பர் 15 வரையாவது பீப்பாயில் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் அந்த ஏட்டுக்கடியில் கிடக்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டுக்கூட ஊற்றி நிரப்பக் கூடாது. பீப்பாய் பெரும்பாலும் 228 லிட்டர், பழசாக இருக்க வேண்டும். புது மரத்தின் வாசனை இங்கே யாருக்கும் வேண்டாம். இன்னொரு விசித்திரம், நல்ல ஒயினுக்கு ஒரே சீரான குளிர்ச்சியான நிலவறை வேண்டும் என்று படித்திருப்போம். இந்தப் பீப்பாய்கள் பலவற்றை வெயிலும் குளிரும் உள்ளே வரும் காற்றோட்டமான அறைகளில், சில இடங்களில் வீட்டுப் பரண்களிலேயே வைக்கிறார்கள். வெப்பம் ஏறினால் ஏடு தடிக்கிறது, குளிர்காலத்தில் மெலிந்து உதிர்கிறது, மறு வெயிலில் மறுபடி கட்டுகிறது.

எல்லாப் பீப்பாயும் ஆறு வருஷம் தாக்குப்பிடிப்பதில்லை. சிலவற்றில் வினிகர் வாடை ஏறத் தொடங்கும். அதனால் அவ்வப்போது சாம்பிள் எடுத்துச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். வான் ஜோன் ஆகத் தேறாது என்று தெரிந்த, ஆனால் கெடாத பீப்பாய்களை மூணு நாலு வருஷத்திலேயே இறக்கி 'சவன்யான்' என்று பாட்டிலில் அடைத்துவிடுவதும் உண்டு. உங்களிடம் இருக்கும் சவன்யான் அந்த வகையாக இருக்கலாம், நிரப்பி வளர்த்த 'உயே'யாகவும் இருக்கலாம். பாட்டிலின் பின் லேபிளைப் பாருங்கள். 'வுவால்' என்ற சொல்லோ 'திபே', 'த்ராதிசியோன்' போன்ற சொல்லோ இருந்தால் ஏட்டடி ஒயின். 'உயே' என்றோ 'ஃப்ளோரால்' என்றோ போட்டிருந்தால் புதுப்பழ வாசனை உள்ள ரகம். இரண்டும் ஒரே திராட்சை, ஒரே தோட்டமாகக்கூட இருக்கும். குடித்தால் ஒன்றுக்கொன்று சொந்தம் என்றே தோன்றாது.

இப்போது வெந்தயத்துக்கு வருகிறேன். அந்த வாசனைக்குக் காரணமான மூலக்கூறின் பெயர் சோட்டோலோன். வெந்தயத்தின் மணத்துக்கும் முக்கியக் காரணம் அதேதான். வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் மறுநாள் வியர்வையில்கூட ஒரு மணம் வருமே, அதுவும் இதே சோட்டோலோன். பிரெஞ்சுக்காரர்கள் வான் ஜோனை முகர்ந்துவிட்டு 'கறிப் பொடி' என்று எழுதுவார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கறிப் பொடியில் தூக்கலாகத் தெரிவதும் வெந்தயம்தானே. ஆக, உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பாட்டில் குட்டையாக இருப்பதற்கும் கணக்கு உண்டு. அதன் பெயர் க்லாவ்லான், கொள்ளளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டர் ஒயின் ஆறு வருஷத்துக்கு மேல் நிரப்பாமல் கிடந்தால் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள். ஒயின் பாட்டிலின் வழக்கமான அளவு 75 சென்டிலிட்டர்; ஐரோப்பிய விதிகள் பொதுவாக அனுமதிக்காத இந்த 62-ஐ வான் ஜோனுக்கு மட்டும் விலக்காக அனுமதித்திருக்கிறார்கள். விலை ஏன் அதிகம் என்று கேட்டால் இதுதான் பதில்: ஒரு பீப்பாயில் மூணில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போகிறது, மிச்சம் ஆறு வருஷம் காசாகாமல் கிடக்கிறது. ஆனால் இவ்வளவு நாள் காற்றைப் பார்த்துப் பழகிய ஒயினை அதற்கப்புறம் எதுவும் சீக்கிரம் அசைப்பதில்லை. 1774-ஆம் வருஷ அறுவடையில் செய்த வான் ஜோன் பாட்டில் ஒன்று 2018-இல் லோன் லெ சோனியே ஊரில் ஏலத்துக்கு வந்தது. 1,03,700 யூரோவுக்குப் போனது.

ஸ்பெயின் ஷெரி மாதிரியா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏடு கட்டுவது மட்டும் ஒற்றுமை. ஷெரியில் வழக்கமாக வெளியிலிருந்து சாராயம் சேர்ப்பார்கள், பழைய பீப்பாயில் புது ஒயினை ஊற்றிக் கலந்துகொண்டே வருவார்கள். இங்கே இரண்டும் கிடையாது. ஒரு வருஷத்து அறுவடை, அதன் பாட்டுக்கு.

நீங்கள் போன ஆலை பற்றி. 'ஃப்ருயித்தியேர் வினிகோல்' என்று பலகையில் பார்த்திருப்பீர்கள். ஃப்ருயித்தியேர் என்பது அந்த மலைப்பக்கத்துப் பால்காரர்களின் சொல். பக்கத்துப் பண்ணைகளெல்லாம் பாலை ஓர் இடத்தில் ஊற்றி, சேர்ந்து பெரிய சீஸ் சக்கரம் செய்து, வரும்படியைப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். பூச்சி தாக்கித் தோட்டங்கள் அழிந்து விவசாயிகள் நொடித்திருந்த காலத்தில், 1906-இல், ஆர்புவா திராட்சைக்காரர்கள் அதே முறையை ஒயினுக்குக் கொண்டுவந்தார்கள். பிரான்சின் பழைய ஒயின் கூட்டுறவுகளில் இது ஒன்று. பூச்சி வருவதற்கு முன் ஜூராவில் 20,000 ஹெக்டேருக்கு அருகில் திராட்சை இருந்தது. இன்று சுமார் 2,000. கூட்டுறவில் வாங்கினால் தரம் குறைவு என்று சில ஒயின் பிரியர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனிப் பண்ணைகளில் சிலருடைய பாட்டில்கள் பாரிஸிலும் டோக்கியோவிலும் முன்பதிவிலேயே தீர்ந்துவிடுகின்றன. முதல்முறை குடிப்பவருக்கு அஞ்சு திராட்சையையும் எல்லா ரகத்தையும் ஒரே கூரையின்கீழ் நியாயமான விலையில் காட்டுவது கூட்டுறவுகள்தான். ஷார்டனேயையும் சவன்யானையும் கலந்து ஏட்டடியில் வளர்த்த 'பெத்தானி' என்ற வெள்ளையும் அங்கே உண்டு. அடுத்தமுறை அதையும் எடுங்கள். வான் ஜோனுக்குப் போகிற வழியில் அது நல்ல படிக்கட்டு.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் ஆர்புவா. பிறந்தது பக்கத்திலிருக்கும் 'தோல்' என்ற நகரில், 1822-இல். ஒயின் ஏன் கெடுகிறது என்று 1860-களில் அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் இந்த ஊர் ஒயினை வைத்துத்தான். 1874-இல் ஊருக்கு வெளியே சொந்தமாகவே ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கினார். 1878-இல் சில கொடிகளைக் கண்ணாடி அறைகளுக்குள் மூடி வைத்து, காற்றிலிருந்து ஈஸ்ட் வந்து ஒட்டாத பழம் நொதிக்காது என்று காட்டினார். கெட்டுப்போன ஒயினை உலகத்துக்கே விளக்கியவரின் ஊரில், கெட்டதுபோல் மணக்கும் ஒயின்தான் பெருமை. செப்டம்பர் முதல் ஞாயிறன்று போனால், கொத்துக்கொத்தாகத் திராட்சையைக் கட்டி ஆளுயரப் பெருங்குலையாக்கி, நாலு பேர் தோளில் சுமந்து தேவாலயத்துக்கு எடுத்துப்போய் மேலே தொங்கவிடுவதைப் பார்க்கலாம். பியூ என்பார்கள். நமக்கு உடனே வேறு ஊர்வலங்கள் ஞாபகம் வரும்.

சரி, திராட்சைகள். சிவப்பில் மூன்று. உங்களிடமிருக்கும் ப்ளூசார் ஆர்புவாவுக்குப் பக்கத்து மலைக்கிராமமான ப்யுபிலானின் செல்லப்பிள்ளை. மற்ற ஊர் லேபிள்களில் 'எல்' எழுத்து இடம் மாறி வேறு மாதிரி எழுதியிருக்கும், குழம்ப வேண்டாம். தோல் மிக மெல்லிசு, அதனால் நிறமே ஏறாது. கிளாஸில் ஊற்றினால் நன்னாரி சர்பத்தில் தண்ணீர் அதிகமாகிப்போன மாதிரி வெளிறிய சிவப்பு. பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். காட்டு ஸ்ட்ராபெர்ரி வாசனையும் லேசான புளிப்பும் உள்ள ஒயின் அது. திறந்ததும் சில சமயம் அவித்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம் வரும். காற்றுப் படாமல் அடைபட்டிருந்ததால் வருவது. கிளாஸில் சுழற்றி அரைமணி நேரம் விட்டால் போய்விடும். த்ரூசோ இன்னும் கொஞ்சம் கனமானது, மிளகு வாசனை உள்ளது. அதற்கு வெப்பம் பிடிக்கும் சரளை மண் வேண்டும், மோந்தின்யி கிராமத்தில்தான் நன்றாக வருகிறது. போர்ச்சுகலில் பஸ்டார்டோ என்று சொல்வதும் இதே திராட்சைதான். மூன்றாவது பினோ நுவார், பக்கத்து பர்கண்டியிலிருந்து வந்தது. அதைக் குடிக்க ஜூராவுக்குப் போக வேண்டாம்.

வெள்ளையில் இரண்டு. அதிகம் பயிராவது ஷார்டனே. பர்கண்டியில் சுண்ணாம்புக்கல் தூக்கல், ஜூராவில் சாம்பல் நீலக் களிமண் தூக்கல். அதனால் அதே ஷார்டனே இங்கே கொஞ்சம் உப்புக்கரித்து, கூர்மையாக இருக்கும். சவன்யான் இந்த மண்ணின் அடையாளம். தாமதமாகப் பழுக்கும், அக்டோபர் வரை கொடியில் நிற்கும், புளிப்பை விடவே விடாது. ஆறு வருஷம் பீப்பாயில் தாங்குவதற்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு. ட்ராமினர் என்று ஜெர்மன் பக்கம் சொல்வது இதையேதான்; அல்சாஸின் வாசனைத் திராட்சையான கெவுர்ஸ்ட்ராமினர் இதிலிருந்து நிறமும் மணமும் மாறிப் பிறந்தது.

சவன்யானுக்கு உச்சம் ஷாத்தோ ஷாலோன். செங்குத்துப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிராமம், அந்தப் பெயரில் வான் ஜோன் தவிர வேறு எதையும் விற்க முடியாது. அறுவடைக்கு முன் ஒரு குழு கொடிகளைப் பார்வையிடும். 1974, 1980, 1984, 2001 ஆகிய வருஷங்களில் பழம் தேறவில்லை என்று அந்தப் பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் இனிப்பில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வான் த பாய். வைக்கோலுக்கு பிரெஞ்சில் உச்சரிப்பு 'பாய்'. நல்ல குலைகளைத் தேர்ந்தெடுத்து அந்தக் காலத்தில் வைக்கோல் மேல் பரப்பிக் காயவைப்பார்கள். நம் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து வற்றல் காயப்போட்ட ஞாபகம் வராமல் அந்தப் பெயரை எனக்குச் சொல்ல முடிவதில்லை. இப்போது பெட்டிகளில் அடுக்கியோ கம்பியில் தொங்கவிட்டோ குறைந்தது ஆறு வாரம், வெயிலில் அல்ல, காற்றோட்டமான அறையில். காய்ந்த பழத்தைப் பிழிந்தால் 100 கிலோவுக்கு 20 லிட்டர்கூடத் தேறாது. மூணு வருஷம் கழித்து அரைப் பாட்டிலில் வரும். பேரீச்சை, அத்திப்பழ ஜாம், கருகிய சர்க்கரை எல்லாம் சேர்ந்த ருசி. இது தவிர க்ரெமான் என்ற நுரை ஒயினும், புளிக்காத சாற்றில் திராட்சைச் சக்கைச் சாராயத்தைக் கலக்கும் மக்வானும் உண்டு. மக்வான் என் வீட்டில் ஓடாத சரக்கு.

இனி சாப்பாடு. மறுபடி அதே கேள்விதான்: நிரப்பியதா, விட்டதா? நிரப்பி வளர்த்த ஷார்டனேயை ஏரி மீன், பொரித்த மீன், ஆட்டுப்பால் சீஸ் எதோடும் தைரியமாக வைக்கலாம். ஏட்டடி ஒயினுக்குக் கொழுப்பும் உப்பும் வேண்டும். தனியாகக் குடித்தால் அது உங்களோடு சண்டை போடும்.

முதல் ஜோடி கோம்தே சீஸ். அந்தக் கடைக்காரர் எனக்கு வெட்டிக் கொடுத்தது அதுதான். 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்குச் சுமார் 400 லிட்டர் பால் போகிறது. பால் கொடுப்பது பெரும்பாலும் செம்பழுப்புத் திட்டுப் போட்ட மோன்பெலியார்து மாடுகள். நாலு மாதத்திலிருந்தே விற்கலாம், ஆனால் வான் ஜோனுக்கு 18 மாதத்துக்குக் குறையாத கோம்தே கேளுங்கள். பல்லில் நறநறவென்று சின்னச் சின்னப் படிகங்கள் மாட்டும். உப்பில்லை, சீஸ் முதிரும்போது தானாக உருவாவது. வால்நட் வாசனை சீஸிலும் இருக்கிறது, ஒயினிலும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வாயில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கும். பக்கத்தில் நாலு வால்நட் போதும், ஜாம் எல்லாம் வேண்டாம். சைவமாக இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோம்தேயைத் திரிக்க கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, வான் ஜோனும் மொரீ காளானும் போட்ட கோழி. அந்த ஊரில் விருந்து என்றால் இதுதான். உலர்ந்த காளானை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மண் இல்லாமல் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோழித் துண்டுகளை வெண்ணெயில் பொன்னிறமாக்கி, ஒயினை ஊற்றி, மூடிபோட்டுச் சின்னத் தீயில் வேகவிட்டு, காளான், அதன் தண்ணீர், கடைசியாகக் கெட்டிக் க்ரீம். மொரீயை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும், நன்றாக வேக வேண்டும். முழுக்க வான் ஜோனையே ஊற்றிச் சமைப்பது காசைக் கரைப்பது. வீடுகளில் ஏட்டடிச் சவன்யானை ஊற்றிச் சமைத்துவிட்டு, அடுப்பை அணைக்கும்போது வான் ஜோன் ஒரு கரண்டி சேர்ப்பார்கள். மிச்சப் பாட்டில் மேஜைக்கு.

ப்ளூசாரைக் கொஞ்சம் குளிர்ச்சியாக, 13 டிகிரி போல, மோர்தோ என்ற புகைபோட்ட பன்றி இறைச்சி சாஸேஜோடு அவித்த உருளைக்கிழங்கும் வைத்துக் குடியுங்கள். குளிர்காலமாக இருந்தால் மோந்தோர் சீஸ் ஒன்று வாங்கி, மரப்பெட்டியோடு நடுவில் குழி பறித்து, பூண்டு போட்டு, கொஞ்சம் வெள்ளை ஒயினும் ஊற்றி ஓவனில் வைத்தால் கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம். அதோடு ஷார்டனே.

நம் சமையலோடு வான் ஜோன் போகுமா? வெந்தயச் சொந்தத்தை நம்பி நான் வெந்தயக் குழம்போடு குடித்துப் பார்த்தேன், புளி ஒயினை அடித்துப்போட்டுவிட்டது. மிளகாயும் ஆகாது, 14, 15 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் காரத்தைத் தூண்டிவிடும். ஆனால் தேங்காய்ப்பால் ஊற்றிய, காரம் அடக்கிய கோழிச் சொதியோ மீன் மோலியோ கிடைத்தால் விடாதீர்கள். க்ரீம் செய்யும் வேலையைத் தேங்காய்ப்பால் செய்துவிடும்.

நாலு பாட்டிலையும் ஒரே நாளில் திறப்பதானால் ஜூரா வழக்கப்படி சிவப்பில் ஆரம்பியுங்கள். சிவப்பு மெலிசு, வெள்ளை கனம் என்பதால் இங்கே வரிசை தலைகீழ். ப்ளூசார், ஷார்டனே, சவன்யான், கடைசியில் வான் ஜோன்.

இப்போதைக்குத் திறந்து வைத்திருக்கும் அந்தக் குட்டைப் பாட்டிலின் தக்கையை மாட்டி, சமையலறையில் வெயில் படாத மூலையில் நிறுத்திவையுங்கள். இரண்டு மூணு வாரம் ஒன்றும் ஆகாது. சனிக்கிழமைச் சந்தையில் 18 மாதக் கோம்தே கால் கிலோ வாங்குங்கள். குடிப்பதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே தக்கையை எடுத்துவிடுங்கள், 15 டிகிரி போல இருக்கட்டும், சின்ன கிளாஸ் போதும். முதலில் சீஸ், அப்புறம் ஒயின்.